பந்திக்கு முந்தியவர்களும் சாட்சிக்குப் பிந்தியவர்களும்

இந்த விழாவுக்குத் தலைமை தாங்கி, மேடையில் போட்ட நாற்காலிகளில் கைப்பிடி உள்ள ஒரே நாற்காலியையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டிருக்கும் பேரவைத் தலைவர், பெருவணிகர், பெரியவர் சிவசுப்பிரமணியன் அண்ணாச்சி அவர்களே! எனக்கு முன்னால் முழங்கி முடித்துவிட்டு, என் முறை வந்ததும் கைப்பேசிக்குள் மூழ்கிவிட்ட முத்தமிழ்ப் பேச்சாளர்களே! எழுந்தால் இடம் போய்விடும் என்று பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பைக்கை விட்டு இறங்காமலே பண்பாட்டைக் காக்க வந்திருக்கும் இளைஞர் பட்டாளமே! துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுவிட்டு, வேறு வழியில்லாமல் என் பேச்சைக் கேட்கப்போகும் கப்பல்களே! உங்கள் அத்தனை பேருக்கும், சாத்தான்குளத்தில் பிறந்து, தூத்துக்குடி நீதிமன்ற வாசலில் கறுப்புக் கோட்டோடு வெயில் காய்கிற வழக்கறிஞர் அனுசியாவின் வணக்கம்.

பேரவை எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, "பலதார மணம்: பண்பாட்டுக்கு வந்த பகை." எவ்வளவு அழகான தலைப்பு! பகை எங்கிருந்தோ வந்ததாம். கப்பலில் வந்ததா, காற்றில் வந்ததா, கன்டெய்னரில் அடைத்து வந்ததா என்று தலைப்பில் சொல்லவில்லை. எனக்கு முன்னால் பேசிய இருவரும் சொல்லிவிட்டார்கள். "அவர்கள் நாலு கட்டுகிறார்கள், அவர்கள் நாலு கட்டுகிறார்கள்" என்று நாற்பது தடவை சொன்னார்கள். நீங்களும் கைதட்டினீர்கள். கையைத் தட்டிய வேகத்தைப் பார்த்தால் அதில் பாதி கோபம், பாதி ஏக்கம் என்று எனக்குப் பட்டது. சிரிக்காதீர்கள் அண்ணாச்சி, உங்களைச் சொல்லவில்லை.

அதில் ஒருவர் பெண்களைப் புகழ்ந்தார். "பெண் என்பவள் இந்தக் கொற்கைக் கடலின் முத்து" என்றார். ஐயா, நாங்கள் முத்துக்குளித்துறைக்காரர்கள். எங்களிடமே முத்தைப் பற்றிச் சொல்கிறீர்களே! முத்தை எப்படி எடுத்தார்கள் என்று தெரியுமா? சிப்பியைக் கரையில் குவித்து, வெயிலில் போட்டு, ஈ மொய்க்க மொய்க்க அழுகவிட்டு, பிறகு அலசித்தான் எடுத்தார்கள். அந்த உவமை எங்களுக்கு வேண்டாம். முத்தாக வேண்டாம், மணியாக வேண்டாம், குத்துவிளக்காகவும் வேண்டாம். சட்டத்தில் எழுதியிருக்கிறபடி ஒரு குடிமகளாக இருந்துவிட்டுப் போகிறோம்.

சரி. "அவர்களை"ப் பற்றிப் பேசியாயிற்று. நம்மைப் பற்றிப் பேசலாமா? இந்துவுக்கு ஒரு மனைவிதான் என்று சட்டம் வந்து எழுபது வருஷம் ஆகிறது. கிறிஸ்தவருக்கு அதற்கும் முன்பிருந்தே ஒன்றுதான். ஆனால் "சின்ன வீடு" என்ற சொல்லை இந்த உலகத்துக்குத் தந்த மொழி எது? அரபியா? ஆங்கிலமா? நம் அன்னைத் தமிழ் அல்லவா! இங்கே சின்ன வீடு உள்ளவர்கள் கை தூக்குங்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. தூக்கினால் மேடைக்கு மின்விசிறி தேவைப்படாது.

கேட்டால் உடனே ஒரு பதில் வரும். "முருகனுக்கே ரெண்டு!" அடடா, என்ன பக்தி! முருகன் திருச்செந்தூர்க் கரையில் சூரனை வென்றவர். நீங்கள் வீட்டில் ஒரு சுண்டெலியையாவது வென்றதுண்டா? அதற்கும் பொறி வைத்தவள் உங்கள் மனைவிதானே. கடவுள் செய்ததில் கஷ்டமானது எதையும் காப்பியடிக்காமல், கல்யாணத்தை மட்டும் காப்பியடிக்கிறவருக்கு என்ன பெயர் வைப்பது?

இப்போது ஒரு கதை சொல்கிறேன். கதையென்றால் கதையல்ல, வழக்கு. நான் நடத்துகிற வழக்கு. "உன் பெயரை மறைத்துச் சொல்லட்டுமா?" என்று என் கட்சிக்காரியிடம் கேட்டேன். அவர் சொன்னார்: "நான் எதுக்குக்கா மறைக்கணும்? கல்யாணத்துக்கு மேல கல்யாணம் முடிச்சது நானா? பேரு சொல்லியே பேசுங்க." ஆகையால் பெயர் சொல்லியே பேசுகிறேன். அவர் பெயர் முத்துச்செல்வி.

முத்துச்செல்வியின் கணவர் செந்தூர்வேல். உடன்குடிக்காரர். இங்கே தூத்துக்குடியில் கருப்பட்டிக் கடை. கடைப் பலகையில் செந்தூர்வேல் பெயர் இருக்கும். கடைக்குள்ளே முத்துச்செல்வி இருப்பார். சரக்கு எடுப்பது முத்துச்செல்வி, சீனிப்பாகு கலந்த கருப்பட்டியை நாக்கில் வைத்தே கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவது முத்துச்செல்வி, சில்லறைக் கடைகளுக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய்ப் போடுவது முத்துச்செல்வி. செந்தூர்வேல் என்ன செய்வார்? வெள்ளை வேட்டி கட்டுவார். அது சாதாரண வேலையா? கசங்காமல் நாள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டுமே!

அப்படி உட்கார்ந்திருந்தவருக்கு நாற்பத்தெட்டாவது வயதில் காதல் வந்தது. பெண் பெயர் ஜெயபிரியா. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஏஜென்சி ஆபீசில் பில் போடுகிற பெண். அப்பா இல்லை. அம்மாவும் தம்பியும். "நான் கல்யாணம் ஆனவன்தான், ஆனா அதுக்கு வழி இருக்கு" என்று இவர் சொல்லியிருக்கிறார். அந்த வழியைத் தேடித்தான் புறப்பட்டார் நம் பெரிய மனிதர்.

முதலில் நம் சாமியிடமே போனார். கோயில் அலுவலகத்தில், "இது முதல் கல்யாணம்தான் என்று சான்று கொண்டுவாங்க" என்று கேட்டுவிட்டார்கள். முருகன் கைவிட்டார். உடனே அவருக்குக் கொள்கை மாற்றம் ஏற்பட்டது. கூட்டாளி ஜெயகணேஷைக் கூட்டிக்கொண்டு காயல்பட்டினத்துக்கு ஒரு முஸ்லிம் பெரியவரைப் பார்க்கப் போனார். நடந்ததை ஜெயகணேஷே பின்னால் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்ததால் எனக்குத் தெரியும்.

பெரியவர் உட்கார வைத்து, டீ கொடுத்து, "எதுக்குத் தம்பி மார்க்கத்துக்கு வரணும்னு நினைக்கிறிய?" என்று கேட்டிருக்கிறார்.

"ஒரே கடவுள்ங்கிற கொள்கை ரொம்பப் பிடிச்சிருக்கு."

"நல்லது. எப்ப இருந்து?"

"போன வாரத்துல இருந்து."

"போன வாரம் என்ன நடந்துச்சு?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெயகணேஷ், அந்த ஊரில் அண்ணனை அழைக்கிற முறையில் பெரியவரை அழைத்து வாயைத் திறந்தார். "பொண்ணு சரின்னு சொல்லிருச்சு காக்கா!"

நண்பன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்! பெரியவர் சிரிக்கவில்லை. "தம்பி, படைச்சவனைத் தேடி வந்தா வாசல் திறந்திருக்கு. இன்னொரு பொண்டாட்டியைத் தேடி வந்தா நீங்க வந்தது தப்பான வீடு. டீயைக் குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

அப்போது உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல். "எங்க ஊர்ல வீடு பொம்பளைப் பிள்ளைக்குத்தான்னு அவருக்குச் சொன்னியளா? மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுல வந்து இருக்கணும். ரெண்டு முடிச்சா ரெண்டு வீட்டுலயும் அவரு விருந்தாளி. ரெண்டு பேரும் கதவைச் சாத்துனா தலகாணியோட தெருவுல நிக்கணும். சம்மதமான்னு கேளுங்க!"

கைதட்டுகிறீர்களே, இந்தக் கைதட்டல் சற்று முன்னால் "அவர்கள் அவர்கள்" என்றபோது தட்டியதைவிடப் பெரிதாக இருக்கிறது. வாழ்க! அந்த அம்மாவை வழக்குக்காக நான் போய்ப் பார்த்தேன். "உங்கள் சட்டத்தில் அனுமதி இருக்கிறதே?" என்று கேட்டேன். அவர் சொன்னதைக் கவனமாகக் கேளுங்கள். "இருக்கு. சமமா நீதி செய்ய முடியாதுன்னு பயந்தா ஒண்ணோட நின்னுக்கோன்னும் அதே இடத்துல இருக்கு. ஆம்பளைங்க கண்ணாடி போட்டாலும் அந்த வரி மட்டும் தெரியாது. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா, அவளுக்கும் பாதுகாப்பு வேணும். ஆனா எங்களை ஏசுறதுக்காக ஒரு சட்டம் கொண்டுவராதிய. எங்களைக் கேட்டு, எங்களுக்காகக் கொண்டுவாங்க."

இதைவிடத் தெளிவாக எந்தப் பல்கலைக்கழகத்தில் சொல்லித் தருகிறார்கள்? எந்த மதத்துப் பெண்ணாக இருந்தாலும் தன் தலைமேல் இன்னொருத்தி வருவதைத் தடுக்கச் சட்டம் கைகொடுக்க வேண்டும். அதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. ஆனால் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்காகக் கண்ணீர் விடுகிறவர், தன் வீட்டுப் பெண்ணின் கண்ணீரைத் துடைத்துவிட்டு வந்து விடட்டும். இல்லையென்றால் அது கண்ணீரில்லை, கண்ணுக்குப் போட்ட சொட்டு மருந்து.

செந்தூர்வேல் அதோடு விட்டாரா? மணப்பாட்டுக்குப் போய்க் கிறிஸ்தவர் ஆகிவிடலாமா என்றும் யோசித்தார். அங்கே மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். "இன்னார் இன்னாரை மணக்கப்போகிறார், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம்" என்று சபை நடுவே அறிவிப்பார்கள். "மைக்லயா வாசிப்பாங்க?" என்று கேட்டாராம். "கடல்ல இருக்கிற படகு வரைக்கும் கேக்கும்" என்றார்களாம். அந்தக் கொள்கையும் அன்றோடு பிடிக்காமல் போயிற்று.

கடைசியில் ஒரு தரகர் கிடைத்தார். எந்தப் பள்ளிவாசலும் அறியாதவர், எந்த ஜமாத்தும் ஏற்காதவர். ஒரு முத்திரைத்தாளில் காலையில் செந்தூர்வேல் மதம் மாறினார். அன்று சாயங்காலமே கடையில் ஊதுபத்தி கொளுத்தி, கந்தசஷ்டிக் கவசம் போட்டுவிட்டுத்தான் கல்லாவில் உட்கார்ந்தார். மதம் மாறியது மனைவிக்கும் தெரியாது, மதத்துக்கும் தெரியாது!

என் அருமைத் தாய்மார்களே, பெரியோர்களே! மதச் சுதந்திரம் என்பது மகத்தான உரிமை. உள்ளம் மாறினால் ஒருவர் எந்த வாசலிலும் போய்க் கும்பிடலாம். எந்தக் கொம்பனும் தடுக்க முடியாது. அதற்காக நானே வாதாடுவேன், கட்டணம் வாங்காமல் வாதாடுவேன். ஆனால் கடவுளை மாற்றலாம், கட்டியவளை அந்தத் தாளிலேயே கழற்றிவிட முடியுமா? பழைய மனைவி உயிரோடு இருக்க, விவாகரத்து இல்லாமல், மதத்தை மட்டும் மாற்றிக்கொண்டு இன்னொருத்தியைக் கட்டினால் அந்தக் கல்யாணம் செல்லாது, அது குற்றம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி முப்பது வருஷம் ஆகிவிட்டது. ஏழு வருஷம் வரை சிறை. முதல் கல்யாணத்தை மறைத்துக் கட்டினால் பத்து வருஷம் வரை. செந்தூர்வேல் இதை விசாரிக்கவில்லை. அவர் விசாரித்தது மண்டபத்து வாடகையை மட்டும்தான்.

புதுக்கோட்டையில் மண்டபம் பிடித்தார். இந்த மாவட்டத்துப் புதுக்கோட்டை, திருநெல்வேலி ரோட்டில் இருக்கிறதே, அதுதான். ஊரைத் தாண்டியாயிற்று, யாருக்கும் தெரியாது என்று நினைத்தார். பரம ரகசியம்! ஆனால் ஐயா, நம் ஊரில் ஃப்ளெக்ஸ் இல்லாமல் ஒரு ரகசியம் நடக்குமா? காது குத்துக்கு ஃப்ளெக்ஸ், கருமாதிக்கு ஃப்ளெக்ஸ், ஃப்ளெக்ஸ் கடை திறப்பதற்கு ஃப்ளெக்ஸ்! கூட்டாளிக்குக் கல்யாணம் என்றால் ஜெயகணேஷுக்குக் கை சும்மா இருக்குமா? மண்டபத்துக்குப் போகும் முக்கில், மின்கம்பத்தை விட உயரமாக ஒன்று வைத்தார். "இல்லற வானில் அடியெடுத்து வைக்கும் இளஞ்சிங்கமே!" நாற்பத்தெட்டு வயது இளஞ்சிங்கம். கீழே கூட்டாளிகள் எல்லாரும் கறுப்புக் கண்ணாடியோடு கைப்பேசியில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். யாரோடு பேசுகிறார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

படத்துக்கு என்ன செய்தார் தெரியுமா? போன வருஷம் கோயில் கொடை விழாவில் செந்தூர்வேலும் முத்துச்செல்வியும் சேர்ந்து நின்று எடுத்த படம் ஜெயகணேஷ் கைப்பேசியில் இருந்தது. அதைக் கொடுத்து, "பக்கத்துல நிக்கிற அக்காவை எடுத்துருங்க" என்றார். டிசைன் போட்ட தம்பி அக்காவை எடுத்தார். தலையை எடுத்தார், உடலை எடுத்தார், சேலையை எடுத்தார். ஆனால் அன்றைக்குக் கூட்ட நெரிசலில் விழுந்துவிடாமல் இருக்க அக்கா செந்தூர்வேல் தோளில் ஒரு கை போட்டிருந்தார். அதை மட்டும் எடுக்க மறந்துவிட்டார்.

கல்யாணத்தன்று காலையில் புதுக்கோட்டைக் கடைகளுக்குச் சரக்குப் போட முத்துச்செல்வி அந்த வழியாக வந்தார். முக்கில் ஸ்கூட்டரை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார். தன் புருஷன் பட்டுச் சட்டையில் சிரிக்கிறார். அவர் தோளில் ஒரு கை. சிவப்பு வளையல். கட்டைவிரல் ஓரத்தில் பாகு காய்ச்சும்போது சுட்ட தழும்பு. "என் கையை எனக்கே அடையாளம் தெரிய ஒரு நிமிஷம் ஆச்சுக்கா" என்று என்னிடம் சொன்னார்.

முத்துச்செல்வி மண்டபத்துக்குள் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. தரகர் ஓதிவிட்டுக் கவரை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பெண்ணின் அம்மா, "தாலி கட்டாம எப்படிக் கல்யாணம்?" என்று அழுததால் மேளதாளத்தோடு தாலியும் கட்டியாயிற்று. மாப்பிள்ளைக்கு நெற்றியில் திருநீறு, தலையில் தொப்பி. ஒருபுறம் பிரியாணிப் பந்தி, மறுபுறம் சைவப் பந்தி. மத நல்லிணக்கத்தை அன்றைக்குக் காப்பாற்றியது சமையல்காரர்கள்தான்.

பெண்டாட்டி வந்துவிட்டாள் என்றதும் பந்தியே எழுந்தது. பாயசம் வருவதற்கு முன்னால் எழுந்தது! நம் இனம் செய்த தியாகங்களில் இதற்கு ஈடு இல்லை. குடுமிப்பிடிச் சண்டை பார்க்கலாம் என்று எச்சில் கையோடு மணமகள் அறை வாசலில் குவிந்தார்கள். உள்ளே முத்துச்செல்வி, கட்டிய தாலியின் மஞ்சள் ஈரம் காயாமல் உட்கார்ந்திருந்த ஜெயபிரியாவைப் பார்த்தார்.

"ஏளா, சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

"இல்லை... நீங்க யாரு?"

"முக்குல ஃப்ளெக்ஸ் பாத்தியா? அவரு தோள்ல ஒரு கை இருக்குல்லா? அந்தக் கைக்குச் சொந்தக்காரி."

அந்தப் பெண்ணுக்கு முகம் வெளிறிப்போயிற்று. "அக்கா, மதம் மாறிட்டா பழைய கல்யாணம் தானா முறிஞ்சிரும், சட்டமே அப்படித்தான்னு சொன்னாரே? நீங்க ஒத்துக்கிட்டிய, பணம் வாங்கிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போய்ட்டியன்னும் சொன்னாரே?"

"நேத்து ராத்திரி அவருக்கு ரசம் வச்சுக் குடுத்துட்டுத்தான் படுத்தேன்," என்றார் முத்துச்செல்வி. அப்புறம், முன்பே பழக்கம் இருந்ததால் எனக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்து, "இந்தப் பிள்ளை அவருக்கு யாருன்னு சொல்லுங்கக்கா" என்றார். நான் சொன்னேன். இனிமேல் பிள்ளை பிறந்தால் அதற்குச் சட்டம் கொஞ்சம் இடம் கொடுக்கும், ஆனால் சட்டத்தின் கண்ணில் நீ அவருக்கு மனைவி இல்லை அம்மா என்று சொன்னேன். அதைவிடக் கொடுமையான வாக்கியம் ஒன்றை நான் என் தொழிலில் சொன்னதில்லை.

ஜெயபிரியா எழுந்து செந்தூர்வேலிடம், "அப்போ நான் உங்களுக்கு யாரு?" என்று கேட்டாள். அவர் சொன்னார்: "ரெண்டு பேரும் எனக்கு ரெண்டு கண்ணு." ஆகா! கண் என்றால் வசதிதானே? வாய் இருக்காது, கேள்வி கேட்காது, இமையை மூடினால் இருட்டில் கிடக்கும். அந்தப் பெண் தாலியைக் கழற்றி அம்மா கையில் கொடுத்துவிட்டு, கட்டியிருந்த பட்டுச்சேலையோடு முத்துச்செல்வியின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். மூத்தவள் ஓட்ட, இளையவள் அமர, இரண்டு கண்ணும் ஒரே வண்டியில் போய்விட்டன. மாப்பிள்ளை மட்டும் மண்டப வாசலில் மாலையோடு நின்றார்.

இதற்குமேல்தான் அசிங்கம். பெரியவர்கள் கூடினார்கள். வெளியே தெரிந்தால் ஊருக்குக் கேவலம் என்று பஞ்சாயத்து. அவர்கள் தீர்ப்பு என்ன தெரியுமா? "ஆம்பளைன்னா அப்படி இப்படி இருக்கத்தான் செய்வான். ரெண்டு பேரையும் வச்சுக் காப்பாத்தட்டும். வாரத்தைப் பிரிச்சுக்கிடுங்க." அதாவது, காயல்பட்டினத்துப் பெரியவர் கூடாது என்று விரட்டிய காரியத்தை, நம் பண்பாட்டுக் காவலர்கள் கால அட்டவணை போட்டு நடத்தித் தந்தார்கள்!

முத்துச்செல்வி எழுந்தார். "சரி அண்ணாச்சி. பெரியவங்க சொல்லுதிய, கேட்டுக்கிடுதேன். எனக்கும் ஒரு விவரம் மட்டும் சொல்லுங்க. எந்த மதத்துக்கு மாறுனா நானும் இன்னொருத்தரைக் கட்டிக்கிடலாம்? விசாரிச்சுச் சொன்னா நாளைக்கே போய் மாறிட்டு வாரேன். வாரத்தைப் பிரிக்கும்போது எனக்கும் சேத்துப் பிரிச்சிருங்க."

ஒருவர் காதைப் பொத்தினார். ஒருவர் "சிவ சிவா" என்றார். ஒருவர், "பொம்பளைக்கு இம்புட்டு வாயா?" என்று கேட்டார். பாருங்கள், அவர் இரண்டு கல்யாணம் செய்தது வாய்ப்பு. இவள் இரண்டாவதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டது வாய்! எல்லோரும் சமம் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. இந்தக் கேள்வியைக் கேட்டு யாரெல்லாம் காதைப் பொத்துகிறார்களோ, அவர்களெல்லாம் அந்தப் பக்கத்தை இன்னும் படிக்கவில்லை என்று அர்த்தம்.

அன்றிரவே செந்தூர்வேல் கடைக்கு வேறு பூட்டுப் போட்டார். முத்துச்செல்வி வழக்குப் போட்டார். இப்போது நீதிமன்றத்தில் செந்தூர்வேல் என்ன சொல்கிறார் தெரியுமா? "எனக்கு இரண்டாவது கல்யாணமே நடக்கவில்லை. நான் மதமும் மாறவில்லை. சந்தேகம் பிடித்த என் மனைவி, ஜெயபிரியா என்ற பெண்ணோடு சேர்ந்து என் மேல் பொய் வழக்குப் போட்டிருக்கிறாள். அவள் என் வீட்டில் இருக்கக் கூடாது."

இப்படிப்பட்ட வழக்கில், கல்யாணம் முறையாக நடந்தது என்று கண்ணால் கண்டவர்கள் வந்து சொல்ல வேண்டும். அதுதான் சட்டம். நானும் சாட்சி தேடிப் போனேன். நாதஸ்வரக்காரரைக் கேட்டேன். "நான் கண்ணை மூடி வாசிப்பேம்மா" என்றார். போட்டோக்காரரைக் கேட்டேன். கார்டு கெட்டுப்போயிற்றாம். ஜெயகணேஷ் ஃப்ளெக்ஸைக் கிழித்துவிட்டு, "அது அண்ணனுக்குப் பிறந்தநாள் பேனரு" என்கிறார். வந்திருந்த விருந்தாளிகளைக் கேட்டேன். தாலி கட்டிய நேரத்தில் ஒருவர் கை கழுவப் போயிருந்தார். அடுத்தவரும் கை கழுவப் போயிருந்தார். அவருக்கு அடுத்தவரும்! சாப்பிடுவதற்கு முன்னாலேயே ஒரே குழாயில் ஒரு ஊரே நின்று கை கழுவியிருக்கிறது! செல்ஃபி எடுக்காமல் சாம்பார் ஊற்றிக்கொள்ளாத ஊரில், ஒரு கைப்பேசியிலும் ஒரு படம் இல்லை. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று சும்மாவா சொன்னார்கள்?

வருகிற திங்கட்கிழமை சாட்சி விசாரணை. முத்துச்செல்வி சொல்வார். ஜெயபிரியாவும் வந்து, தன் அவமானத்தைத் தன் வாயாலேயே சொல்வதாகச் சொல்லிவிட்டாள். ஆனால் இருவரும் கூட்டு என்று எதிர்த்தரப்பு சொல்லும். வேறு ஒருவரும் வரவில்லை என்றால் செந்தூர்வேல் மாலை போட்டுக்கொண்டு வெளியே வருவார். முத்துச்செல்வி, புருஷன் மேல் பொய் சொன்னவள் என்ற பட்டத்தோடு, தான் நடத்திய கடையையும் தான் கூட்டிப் பெருக்கிய வீட்டையும் விட்டு இறங்க வேண்டும்.

ஆகவே பண்பாட்டுப் பேரவையின் பெருமக்களே, கேட்கிறேன்! பலதார மணத்தை ஒழிக்க வேண்டும் என்று கைதட்டினீர்களே, அந்தக் கைகளில் எந்தக் கை அந்தப் பந்தியில் நனைந்தது? எவனோ எங்கோ நாலு கட்டினால் கொதிக்கிற உங்கள் இரத்தம், கண்ணெதிரே ஒருவன் இரண்டாவது கட்டும்போது பிரியாணிச் சூட்டில் ஆறிப்போனது எப்படி? சட்டம் வேண்டும், சட்டம் வேண்டும் என்கிறீர்கள். சட்டம் இருக்கிறது ஐயா! எழுபது வருஷமாக இருக்கிறது! கூண்டில் ஏறிச் சொல்ல ஒரு நாக்கு இல்லாமல் இருக்கிறது! இந்தக் கூட்டத்தில் அன்றைக்குச் சாப்பிட்ட ஒருவர், ஒரே ஒருவர், எழுந்து நின்று "நான் பார்த்தேன்" என்று சொல்வீர்களா?

...யாரும் இல்லையா? பைக்கில் இருக்கிற தம்பி, வண்டியை ஸ்டார்ட் பண்ணுகிறாயே, பெட்ரோல் விலை தெரியுமா? நில். ஒன்றும் செய்யமாட்டேன்.

முன் வரிசையில் யாரோ எழுந்திருக்கிறார்கள். வழி விடுங்கள் அம்மா, தெரியவில்லை. பச்சைச் சேலை... அருணாசலவடிவு அம்மா! நம் தலைவருடைய வீட்டம்மா! மைக்கைக் கீழே கொடுங்கள். எட்டவில்லையா? சரி, நீங்கள் சொல்லுங்கள் அம்மா, பின்னால் இருப்பவர்களுக்கு நான் திருப்பிச் சொல்கிறேன்.

"நான் பாத்தேன்" என்கிறார்கள். "மணவறைக்குப் பக்கத்துல உக்காந்திருந்தேன். தாலி கட்டுனதைப் பாத்தேன்" என்கிறார்கள். கைதட்டாதீர்கள், கேட்கவில்லை. "தாலியை எடுத்துக் குடுத்தது எங்க வீட்டுக்காரருதான்" என்கிறார்கள்.

...அமைதி. தயவுசெய்து அமைதி. தலைவர் உட்கார்ந்தே இருக்கலாம். அம்மா இன்னும் முடிக்கவில்லை. "வாரத்தைப் பிரிச்சுக்கிடுங்கன்னு சொன்னதும் இவுகதான். அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல. திங்கக்கிழமை எத்தனை மணிக்கு வரணும்னு சொல்லு தாயி" என்கிறார்கள்.

பத்து மணிக்கு அம்மா. ஒன்பது மணிக்கே நான் உங்கள் வீட்டு வாசலுக்கு வண்டியோடு வந்து நிற்கிறேன்.

என் பேச்சு முடிந்தது. இதற்கு மேல் நான் பேசினால் அது அந்த அம்மாவுக்குச் செய்கிற அவமரியாதை. பொறுமையாகக் கேட்டவர்களுக்கும், பொறுக்க முடியாமல் கேட்டவர்களுக்கும், எழுந்து போக வழியில்லாத கப்பல்களுக்கும் நன்றி. வாய்ப்பளித்த பேரவைக்கு இருமடங்கு நன்றி, இனி என்னைக் கூப்பிடமாட்டார்கள் என்பதால். எல்லோரும் நலமாக வீடு போய்ச் சேருங்கள், வணக்கம்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது நன்றியுரை என்று போட்டிருக்கிறது. தலைவர் அவர்களே, வாருங்கள். மைக் இங்கே இருக்கிறது. அம்மா இன்னும் உட்காரவில்லை.